கட்சி சாராமையும் மிதவாதமும்: செங்கல்பட்டுத் தொகுதியின் ஒரு முன்மாதிரி

தேர்தல் நெருங்கும் காலங்களில் குருசேகர ஆயர் ஒருவர் பலவிதமான மனிதரை எதிர்கொள்ள வேண்டியவராகிறார். "ஐயா, நம் சபையார் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று ஆராதனை முடிந்தபின் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்பவர் ஒருவர். "அரசியலைக் கோயிலுக்குள் கொண்டுவராதீர்கள்" என்று எச்சரிப்பவர் மற்றொருவர். இவ்விருவரும் பெரும்பாலும் எதிரெதிர்க் கட்சியினராகவே இருப்பர். வேறு சிலர் ஒன்றும் பேசுவதில்லை. ஆயர் எந்தக் கட்சிக்காரர் வீட்டில் தேநீர் அருந்தினார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பர்.

இந்நிலையில், "நான் எக்கட்சியையும் சாராதவன்" என்று கூறி விலகிக்கொள்வது ஆயர்களின் வழக்கம். அவ்வாறு கூறுவதில் தவறில்லை. ஆனால் அச்சொல்லால் நாம் எதைக் குறிக்கிறோம் என்பதை ஆராய்ந்ததுண்டா? கருத்தே இல்லாதவரும் கட்சி சாராதவர்தாம். கருத்து இருந்தும் பிறர் மனம் நோகுமென்று மறைப்பவரும் கட்சி சாராதவரே. ஒவ்வொரு பொருளையும் தாமே ஆய்ந்து, தம் முடிவை வெளிப்படையாகக் கூறி, அதற்குத் தாமே கணக்குக் கொடுக்கத் துணிபவரும் அவ்வாறே அழைக்கப்படுகிறார். முதல் இரு நிலைகளும் எளியவை. மூன்றாவது நிலையைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டுப் பாராளுமன்றத் தொகுதி 1957ஆம் ஆண்டில் கட்சி சாராத ஒருவரைத் தன் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. அவர் செய்த பணி, மறைப்பணியிலும் இறையியற் கல்வியிலும் ஈடுபட்டுள்ள நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. எனினும் நம்முள் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அவர் பெயர் ஆற்காடு கிருஷ்ணசாமி. 1952ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலில் அவர் காஞ்சிபுரம் தொகுதியிலிருந்து பொதுநலக் கட்சி எனப்பட்ட காமன்வீல் கட்சியின் சார்பில் மக்களவைக்குச் சென்றார். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளில் வேரூன்றியிருந்த சிறிய கட்சி அது. அத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகள் மட்டும் 62 பேர் இருந்தனர். இராஜாஜி அமைச்சரவை அமைத்தபோது, ஆறு உறுப்பினர்களைக் கொண்ட காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். பத்தொன்பது உறுப்பினர்களைக் கொண்ட உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரவளித்தது. அதன் தலைவர் இராமசாமி படையாட்சியாரும் 1954இல் காமராஜர் அமைச்சரவையில் இடம்பெற்றார். அக்கட்சிகள் இரண்டும் தனித்து நிற்கும் ஆற்றலை விரைவில் இழந்தன. பெருங்கட்சிக்கு வெளியே நிற்போருக்கு முதலில் நேரும் சோதனை அடக்குமுறையன்று, அழைப்பே என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? அவ்வழைப்பை ஏற்பதனால் தம் மக்களுக்குச் சில நன்மைகளைப் பெற்றுத் தரலாம் என்பதும் உண்மையே. ஆகவே ஏற்றவர்களை நாம் எளிதில் பழித்துவிடலாகாது.

1957இல் கிருஷ்ணசாமி செங்கல்பட்டில் சுயேச்சையாக நின்று வென்றார். 1952இல் அத்தொகுதியைப் பெற்றிருந்தவர் காங்கிரசைச் சேர்ந்த ஓ. வி. அழகேசன், ரயில்வே துணை அமைச்சராகப் பணியாற்றியவர். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அத்துயரத்தின் நிழல் அடுத்துவந்த தேர்தலின்மீது விழுந்தது. அழகேசனின் பெயரையும் அரியலூரையும் இணைத்து எதிர்ப்பாளர் எழுப்பிய முழக்கம் இன்றும் முதியோர் நினைவில் உள்ளது. எனவே, சுயேச்சை ஒருவருடைய கொள்கைகளை எடைபோட்டு மட்டுமே வாக்காளர் அவரைத் தெரிந்தெடுத்தனர் என்று நாம் மிகைப்படுத்திக் கூறலாகாது. மேலும், அவ்வாண்டில் 'சுயேச்சை' என்ற சொல்லே தெளிவற்றதாயிருந்தது. அப்போது அங்கீகாரம் பெற்றிராத திராவிட முன்னேற்றக் கழகத்தின் வேட்பாளரும் தேர்தல் ஆணையத்தின் கணக்கில் சுயேச்சைகளே. அண்ணா காஞ்சிபுரத்தில் வென்று முதன்முறை சட்டமன்றம் புகுந்ததும் அவ்வாண்டில்தான். வாக்குச் சீட்டின் அடைமொழி ஒருவருடைய உள்ளத்தின் சுதந்திரத்தைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. அதை அவர் ஆற்றும் பணியில்தான் காண வேண்டும்.

கிருஷ்ணசாமியின் பணிக்கு நாம் இங்கே வருகிறோம். ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையத்தின் கீழ், வேறுபாடு காட்டுதலைத் தடுக்கவும் சிறுபான்மையினரைப் பாதுகாக்கவும் ஒரு துணை ஆணையம் இருந்தது. சமய உரிமைகளிலும் வழக்கங்களிலும் காட்டப்படும் வேறுபாடுகளைப் பற்றி உலகளாவிய ஆய்வொன்றை நடத்த அது 1956இல் கிருஷ்ணசாமியைச் சிறப்பு அறிக்கையாளராக நியமித்தது. அவ்வாய்வு 1960இல் வெளியிடப்பெற்றது. இன்று சமய சுதந்திரத்தைப் பற்றி எந்நாட்டில் எவர் எழுதினாலும் கிருஷ்ணசாமி ஆய்வு என்றே அதைக் குறிப்பிடுவர். செங்கல்பட்டு மக்களின் பிரதிநிதியாயிருந்த காலத்திலேயே அவர் இதனை எழுதி முடித்தார்.

1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனத்தில் 18ஆம் பிரிவு சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வெளிப்படையாகக் கூறுகிறது. அப்பிரிவு உருவானதில் திருச்சபைகளின் சார்பில் உழைத்த லுத்தரன் இறையியலாளர் பிரெடரிக் நோல்டேக்கும் லெபனான் நாட்டு சார்ல்ஸ் மாலிக்குக்கும் பங்குண்டு. ஆயினும் பிரகடனம் பொதுவானது. கோயில் கட்ட அனுமதி மறுக்கப்படும்போதும், ஓய்வுநாள் மறுக்கப்படும்போதும், அடக்கத்திற்கு நிலம் மறுக்கப்படும்போதும் அதனைக் கொண்டு என்ன செய்வது? இவ்விடைவெளியை நிரப்பவே கிருஷ்ணசாமி முயன்றார். சமயத்தைக் கைக்கொள்ளவும் மாற்றவும் உள்ள உரிமையையும், அதை வெளிப்படுத்தும் உரிமையையும் அவர் வேறுபடுத்தினார். முன்னது கட்டுப்படுத்தவே இயலாதது. பின்னது பிறருடைய உரிமைகளோடு உரசக்கூடியது; ஆகையால் வரம்புகளுக்கு உட்படக்கூடியது. அவ்வரம்புகள் எவ்வளவு குறுகியவையாயிருக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. இறுதியில் பதினாறு அடிப்படை விதிகளை அவர் முன்வைத்தார்.

அவ்வாய்வில் இரண்டு கருத்துகள் நம் கவனத்திற்குரியவை. ஒன்று, அரசுக்கும் சமயத்திற்குமுள்ள உறவைப் பற்றியது. ஒரு சமயத்தை அரசு சமயமாகக் கொண்ட நாடுகள், பல சமயங்களுக்கு அங்கீகாரமளிக்கும் நாடுகள், அரசையும் சமயத்தையும் பிரித்து வைத்த நாடுகள் என மூவகை நாடுகளையும் அவர் ஆராய்ந்தார். பெயரளவில் பிரிவினை இருப்பதனாலேயே சுதந்திரம் கிடைத்துவிடுவதில்லை. அரசு சமயம் இருப்பதனாலேயே அது இல்லாமற் போய்விடுவதுமில்லை என்பது அவர் கண்டது. நாட்டின் அமைப்பு எதுவாயினும், சிறுபான்மையினன் ஒருவன் அன்றாட வாழ்வில் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்று கேட்கச் சொன்னார். இரண்டாவது, சமமாக நடத்துவதென்பது எல்லாரையும் ஒரே விதமாக நடத்துவதன்று என்பது. எல்லாருக்கும் ஒரே விடுமுறை நாளை விதிக்கும் சட்டம் பார்வைக்குச் சமமானது. வேறொரு நாளைப் பரிசுத்தமாகக் கொள்பவனுக்கு அது சமமன்று.

இக்கருத்துகள் எக்கட்சியின் கொள்கை அறிக்கையிலும் அக்காலத்தில் இவ்வடிவில் இடம்பெறக்கூடியவையல்ல. கட்சிக்கு முழக்கம் வேண்டும். 'அது அவ்விடத்து நடைமுறையைப் பொறுத்தது' என்பது முழக்கமாகாது. நம் நாட்டிலேயே அக்காலத்தில் நிலைமை கொந்தளிப்பாயிருந்தது. மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு மிஷனெரிமாரின் பணியைக் கடுமையாகச் சாடி அறிக்கை அளித்தது 1956இல். கிருஷ்ணசாமி ஆய்வைத் தொடங்கியதும் அதே ஆண்டில். சமயத்தைப் பரப்புவோனின் உரிமையையும், வற்புறுத்தலின்றித் தன் சமயத்தில் நிலைத்திருக்க விரும்புவோனின் உரிமையையும் அவர் அருகருகே வைத்து நோக்கினார். மிஷனெரிக்கு முழுச் சான்றிதழும் வழங்கவில்லை. அவனைக் குற்றவாளிக் கூண்டிலும் நிறுத்தவில்லை. நம்மவருள் சிலர் இதனால் ஏமாற்றமடையலாம். ஆனால், நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை வழங்கியிருப்பினும், மற்றவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காதென்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தபின், இவ்விரு உரிமைகளையும் பொறுமையோடு பிரித்தறியும் பார்வை நமக்கு எவ்வளவு தேவையானது என்பதை உணர்கிறோம்.

அப்பணியின் பலன் உடனே கிட்டவில்லை. இனவேறுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. அவை 1965இலேயே ஏற்றுக்கொண்டது. சமயச் சகிப்பின்மையைப் பற்றியோ உடன்படிக்கை எழவேயில்லை. ஒரு பிரகடனம் மட்டும் 1981 நவம்பர் 25ஆம் நாள் நிறைவேறியது. அதிலும், சமயத்தை மாற்றும் உரிமையைக் கூறும் சொற்கள் பல நாடுகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டன. முந்தைய உரிமைகள் குறையா என்ற பொதுவான காப்பு வாசகத்தோடு மிதவாதிகள் அமைதிகொள்ள வேண்டியதாயிற்று. மிதவாதத்தின் விலை இதுவே. முழுவதையும் கேட்பவன் ஒன்றும் பெறாமல் போகலாம். பாதியைப் பெறுபவன் விட்டுக்கொடுத்தவன் என்ற பழியைச் சுமக்கிறான். அப்பழி சில வேளைகளில் நியாயமானதும்கூட.

கிருஷ்ணசாமிக்குப் பின் என்ன நிகழ்ந்தது? 1962இல் செங்கல்பட்டு மீண்டும் அழகேசனைத் தெரிந்தெடுத்தது, 1967இல் தி.மு.க.வின் கைக்குச் சென்றது. 2009 முதல் செங்கல்பட்டும் மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூரும் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியுள் வந்துவிட்டன. செங்கல்பட்டுத் தொகுதி என்ற பெயரே இல்லாமற் போயிற்று. சுயேச்சை உறுப்பினரின் பணியை அவருக்குப்பின் சுமந்து செல்ல ஒருவருமில்லை. கட்சிக்காரருக்குக் கொடியும் கூட்டமும் நினைவு நாளும் உண்டு. கட்சி சாராதவரின் நினைவு நூலகத்தில் கிடக்கிறது.

நாடெங்கும் இதுவே நிலை. 1957இல் மக்களவையில் 42 சுயேச்சைகள் இருந்தனர். 2019இல் நால்வரும் 2024இல் எழுவருமே வென்றனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்கு 2016, 2021 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் ஒரு சுயேச்சைகூடத் தேறவில்லை. வாக்காளர் மனம் குறுகிவிட்டதென்று மட்டும் இதற்குக் காரணம் கூறிவிட முடியாது. தேர்தற் செலவு பெருகிற்று. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தம் குறைகளை வெளிப்படுத்தத் திரளாக மனுச் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றனர். அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பெற்று வைப்புத்தொகை மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. பின்னர் அது 25,000 ஆயிற்று. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பதின்மர் வேண்டும். விளையாட்டு வேட்பாளரைத் தடுக்க எழுந்த வேலி, வசதியற்ற நேர்மையாளனையும் தடுக்கிறது. இன்னொரு பக்கம், 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம் சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி இழப்பார் என்று விதித்தது. 1952இன் காட்சிகளை நினைவில் கொண்டால் இவ்விதியின் நியாயம் விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. மிதவாதம் என்பது எப்பொழுதும் இரு தரப்புக்கும் நடுவில் நிற்பதா? திருக்குறளில் நடுவு நிலைமை என்ற அதிகாரம் தராசை உவமையாக்குகிறது. தராசைப் பார்த்தவர் அறிவர். எடைகள் சமமில்லாதபோதும் அசையாமல் நிற்கும் தராசு பழுதடைந்தது. இதற்கும் செங்கல்பட்டு மாவட்டமே சான்று தருகிறது. 1891இல் அம்மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி விரிவான குறிப்பொன்றை அரசுக்கு எழுதினார். நிலமில்லாமையே அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்று அது காட்டியது. செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனெரி ஆதாம் ஆண்ட்ரூவும், திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கூடியும் இதே கருத்தை வலியுறுத்தி வந்தனர். 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையின் வழியே பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பிற சாதியினருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. நிலவுடைமையாளர் எதிர்த்தனர், நிலத்தைக் காட்டி மதம் மாற்றுகின்றனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யென்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. மிஷனெரிமாரின் நோக்கங்கள் கலப்பற்றவை அல்ல. ஆயினும் மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் நடுவே பாதி வழியில் நிற்பது அன்று மிதவாதமாயிருந்திராது.

அந்நிலங்களுட் பல பிற்காலத்தில் பிறர் கைக்குப் போயின. மாமல்லபுரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் இடைப்பட்ட காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தின் விளைவாக, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். அப்பகுதியில் ஆயராயிருந்திருப்பின் நாம் என்ன செய்திருப்போம் என்று வகுப்பறையில் மாணவரைக் கேட்டதுண்டு. 'அமைதிக்காக ஜெபிப்போம்' என்ற விடையே முதலில் வரும். ஜெபிக்க வேண்டியதே. பட்டாவையும் பதிவேட்டையும் பார்க்க வேண்டும் என்ற விடை தாமதமாகவே வருகிறது.

இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே இரு பக்கமும் எடையுள்ள சிக்கல்களும் இக்கடற்கரையில் உண்டு. கல்பாக்கத்தின் முதல் அணுமின் அலகு 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகின் நீரிறைக்கும் கூடத்தில் கடல்நீர் புகுந்தது; அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதேவேளையில் புதிய ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளம் நீரில் மூழ்கியது. குடியிருப்பில் உயிர்கள் மாண்டன. 'அணுசக்தி வேண்டும்' என்போரும் 'வேண்டாம்' என்போரும் இந்நிகழ்ச்சியையே தத்தம் பக்கத்துச் சான்றாகக் காட்டுகின்றனர். கடலில் வலை வீசும் தந்தையும் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் செல்லும் மகனும் ஒரே வீட்டில் இருந்து ஒரே ஆலயத்திற்கு வரும்போது, ஆயர் இவ்விரு முழக்கங்களில் எதை ஓதுவது? அவர் கேட்கத்தக்க கேள்விகள் வேறு. ஆபத்துக் காலத்தில் எவ்வழியே வெளியேறுவதென்று கிராமத்தாருக்குச் சொல்லப்பட்டுள்ளதா? ஒப்பந்தத் தொழிலாளரின் மருத்துவச் சோதனை முறையாக நடைபெறுகிறதா? மேற்பார்வை செய்யும் ஒழுங்குமுறை வாரியம் மெய்யாகவே சுதந்திரமானதா? இக்கடைசிக் கேள்வியை 2012இல் மத்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே எழுப்பியது. இவற்றைக் கேட்பதற்குக் கட்சி தேவையில்லை. கூசாமல் கேட்கும் துணிவும், விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் போதும்.

நம் முன்னோர் இவ்வழியை அறியாதவரல்லர். கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது சேலத்தில் பிறந்த கே. டி. பாலும் தோர்ணக்கல் பேராயர் அசரியாவும் அதனை எதிர்த்தனர். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் சமயச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீடு கைவிடப்பட்டபோது, வங்காளக் கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜியும் சென்னையிலிருந்து சென்ற இயேசுசபைக் குரு ஜெரோம் டி'சோசாவும் அதற்கு இசைந்தனர். கிறிஸ்தவர் ஒரு வாக்கு வங்கியாகத் திரளாமல், குடிமக்களாகப் பரவி நிற்க வேண்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. அம்முடிவால் ஆதிதிராவிடக் கிறிஸ்தவருக்கு நேர்ந்த இழப்பை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்தனரா என்பது நம் ஐயம். 1950ஆம் ஆண்டின் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. உயர்ந்த கொள்கையின் செலவை எளியவர் செலுத்த நேர்ந்த வரலாறு இது. கட்சி சாராமையைப் போற்றும் நாம் இதனை மறைத்துப் பேசலாகாது.

ஆகவே ஆயர் ஒருவர் தம் குருசேகரத்தில் கைக்கொள்ளத்தக்கது சிறிய அளவினதே. வேட்பாளரை அழைப்பதாயின் எல்லாக் கட்சியினரையும் சுயேச்சையையும் அழைத்து, அவையில் சபையாரே கேள்வி கேட்கும்படி செய்யலாம். சபையின் வாக்குகள் தம் கையில் உள்ளனவாக எவரிடமும் பேசாதிருக்கலாம். கட்சிக்காரர் சபைக்கூடத்திற்குக் கூரை போட்டுத் தருவதாக வரும்போது இது கடினமாகும். ஊர் வழக்கொன்றில் தம் முடிவைச் சொன்னபின், அதற்கான காரணத்தையும் எழுத்தில் வைத்து, தவறெனத் தெரிந்தால் அதே சபையாரின் முன் திருத்திக்கொள்ளலாம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய சுற்றத்தாரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என்று விதிக்கின்றன. நிலமும் வேதக்கல்வியும் உடையவருக்கே உரிய சபை அது. நம் சபையாருட் பலருடைய முன்னோருக்கு அதில் இடமிருந்திராது. கணக்குப் பற்றிய அவ்விதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நில மீட்புக்கோ பாதுகாப்பு வழிக்கோ ஊரார் மனு எழுதும்போது, அதில் எல்லாக் கட்சியினரின் கையொப்பமும் உள்ளதா என்று பார்த்து, இல்லையேல் அவர்தம் வீடுகளுக்கு நடந்து சென்று கேட்கும் வேலை ஆயருக்குரியது. அவருடைய கையொப்பம் முதலில் இருக்க வேண்டியதில்லை. ஊர்ப்பெயருடன், மற்றவர்களுடைய வரிசையிலேயே இருந்தால் போதும்.